திராட்சைப் பந்தலுக்குக் கீழே எப்சிபா

“மூச்ச விடு தாயி. இழுத்துப் பிடிக்காத. நரம்பு புடைச்சா கொடி கோணிரும்.”

மணப்பெண்ணின் இடது கையைத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, மெஹந்தி கோனைத் தூக்கிப் பிடித்தபடி எப்சிபா அதட்டுகிறார். மற்றவர்கள் உள்ளங்கையின் நடுவில் ஒரு வட்டம் போட்டுத்தான் தொடங்குவார்கள். எப்சிபா மணிக்கட்டில் பச்சையாகத் தெரியும் நரம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, அது போகும் வழியிலேயே முதல் கோட்டை இழுப்பார். கோடு உள்ளங்கைக்குள் ஏறி, இரண்டாகப் பிரிந்து, சுண்டுவிரல் பக்கம் ஒரு சுருளை விட்டுவிட்டு நிற்கும். “எங்கன இருந்து வருதுன்னு தெரியாத கொடி ஒரு கொடியா?” என்று கேட்பார். மணப்பெண் பதில் யோசிப்பதற்குள் அவர் அடுத்த இலைக்குப் போயிருப்பார்.

தென்காசிக் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய அழகு நிலையம். ஊரில் யாரும் அழகு நிலையம் என்று சொல்வதில்லை, பார்லர்தான். வயது நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம் ஆகிறது. தலையை இழுத்துச் சீவி ஒரே ஒரு கிளிப் போட்டிருப்பார். முகத்தில் பவுடர்கூட இருக்காது. ஏன் என்று கேட்டால், “நாள் பூரா அடுத்தவ மூஞ்சியத் தடவிட்டு, வீட்டுக்குப் போயி எம் மூஞ்சியையுமா தடவணும்?” என்பார். பார்லர் சுவரில் நடிகைகளின் படம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் திராட்சைக் கொடி. வெட்டிய கொடி, துளிர்த்த கொடி, கம்பியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பச்சைச் சுருள், கல்தூணில் பட்டையுரிந்து ஏறும் தடித்த அடிமரம். புருவம் திருத்திக்கொள்ள வரும் பெண்கள், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடும்வரை இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்புவரை எப்சிபா மருதாணி தவிர வேறு எதையும் வரைந்ததில்லை. வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அலங்காரம் செய்யப் போனார். பெண் பெயர் முத்துலட்சுமி. பெண்ணின் அப்பா வல்லிநாயகம், தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த வயலில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சை போட்டவர். திராட்சை விளையும் கம்பம் ஊர்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர் அந்த வேலையில் இறங்கியபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் “வல்லிநாயகத்துக்குக் கோட்டி பிடிச்சிட்டு” என்றார்கள். கொடி நன்றாகவே பிடித்துக்கொண்டது. வீட்டின் புழக்கடைக் கதவைத் திறந்தால் தோட்டம்.

முகூர்த்தம் விடியற்காலை. பெண்ணை மணமேடைக்கு அனுப்பிவிட்டு, கை கழுவலாம் என்று எப்சிபா புழக்கடைக்குப் போயிருக்கிறார். அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்ததாம். தலைக்கு மேலே முழுக்க இலை. ஒவ்வொரு இலையிலும் நரம்பு, அந்த நரம்பிலிருந்து பிரியும் சிறு நரம்பு. “நான் இருவது வருசமா கையில வரைஞ்சிக்கிட்டு இருந்ததையெல்லாம் யாரோ ஏற்கெனவே ஆகாசத்துல வரைஞ்சி வச்சிருக்காவ. எனக்கு அழுகையே வந்துட்டு” என்று அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் அண்ணாந்து பார்ப்பார். பார்லரின் மேற்கூரையில் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு மிஞ்சிய மெஹந்தி கோனால், தாம்பூலப் பையின் பின்புறத்தில் ஒரு கொடியை வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த திங்கட்கிழமை, பார்லருக்கு விடுமுறை நாள், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போய் நின்றார். “அண்ணாச்சி, இங்கன கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டா?” என்று கேட்டதற்கு வல்லிநாயகம், “பழம் வேணுமா?” என்றிருக்கிறார். “பழம் வேண்டாம், பாக்கணும்.” இப்படி ஒரு விண்ணப்பம் அவருக்கு அதுவரை வந்ததில்லை. மனைவி பேராச்சியைத் திரும்பிப் பார்த்தார். பேராச்சி, “பாத்துட்டுப் போகட்டும், கண்ணு என்ன பறிச்சிட்டா போகும்?” என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமை தவறுவதில்லை.

எப்சிபாவின் கணவர் ஜெனோ, பழைய பேருந்து நிலையத்தின் அருகே படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், வாரம் முழுக்க முருகனுக்கும் மாரியம்மனுக்கும் சட்டம் அடிப்பார். அவர் கடையில் சாமி படங்களுக்கு நடுவே மனைவியின் கொடிகளும் தொங்கும். வருகிறவர்கள், “இது எந்தக் கோயில் தலவிருட்சம்?” என்று கேட்பார்கள். ஜெனோ கொஞ்சமும் சிரிக்காமல், “வீரகேரளம்புதூர்” என்பார். மனைவியின் ஓவியத்தைப் பற்றி அவரிடம் நான் கேட்டபோது, “எனக்கு அளவுதான் தெரியும் ஸார். முன்னெல்லாம் ஒரு அடி, ஒன்றரை அடியில வரைஞ்சா. இப்ப நாலு அடிக்கு வந்துட்டா. அம்புட்டுதான் நான் சொல்ல முடியும்” என்றார். சொல்லிவிட்டுச் சட்டத்தின் மூலையைத் துணியால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார்.

அந்தக் கடையில் உடைந்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுதான் எப்சிபாவின் முக்கியக் கருவி. பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது, அண்ணாந்தே வரைந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் முக்காலியில் உட்கார்ந்து, ஓரம் தேய்த்த அந்தக் கண்ணாடியை மடியில் கிடத்தி, அதற்குள் தெரியும் பந்தலைப் பார்த்து வரைவார். குனிந்தபடி வானத்தைப் பார்க்கும் ஒரு மனுஷியை நான் அங்கேதான் கண்டேன். கண்ணாடியில் இடம் வலமாகிவிடும். “என் தோட்டத்துல சூரியன் மேக்க உதிக்கு” என்று வல்லிநாயகம் கேலி செய்வார்.

வண்ணம் குழைக்க எவர்சில்வர் தட்டு. தூரிகைகளில் பாதி, மேக்கப் பெட்டியிலிருந்து இடம் மாறியவை. கன்னத்துக்கு ரோஸ் பூசும் பட்டையான பிரஷ்ஷால், பழத்தின் மேல் படிந்திருக்கும் வெண்மையைப் படத்தில் ஒற்றிக் கொண்டுவருவார். கொடியின் சுருளுக்கு மட்டும் தூரிகை கிடையாது. மெஹந்தி கோனில் பச்சை வண்ணத்தை நிரப்பி, முனையை ஊசியளவு கத்தரித்து, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுப்பார். சுருள் சரியாக வந்துவிட்டால், “ச்சா!” என்று தனக்குத்தானே ஒரு சத்தம். கோணிவிட்டால், “சவத்தெ!” என்று இன்னொரு சத்தம். தோட்டத்தின் மறு கோடியில் வேலை செய்கிற பேராச்சிக்கு இந்த இரண்டு சத்தத்தை வைத்தே படம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

கொடியைத் தவிர வேறு எதையும் அவர் வரைய மாட்டார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வாங்கிப்போக ஓர் அருவிப் படம் வரைந்து கொடுக்கச் சொல்லி ஒரு கடைக்காரர் கேட்டுப் பார்த்தார். “அருவி அங்கன நேர்லயே விழுதுல்லா, பொறவு எதுக்குப் படம்?” என்று அனுப்பிவிட்டார். மலையும் வேண்டாம், மயிலும் வேண்டாம். அழகான குலையைக்கூட அபூர்வமாகத்தான் வரைவார். பூச்சி அரித்த இலை, கரும்புள்ளி விழுந்த தண்டு, பாதி காய்ந்த சுருள் இவற்றில்தான் அவருக்குப் பிரியம். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

“பார்லர்ல நாள் பூரா எவ மூஞ்சியிலயாவது புள்ளியத்தான் மறைச்சிக்கிட்டு இருக்கேன். இங்கனயும் வந்து மறைக்கணுமா? இங்கன எதுக்கும் மேக்கப் கிடையாது. அது எப்படி இருக்கோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

இந்தப் பிரியம்தான் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் அவரை ஒரு துயரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பார்லர் காற்று வாங்கும். எப்சிபா திங்கட்கிழமை கணக்கை விட்டுவிட்டு, நினைத்த நாளெல்லாம் தோட்டத்துக்குப் போனார். அதே சமயம் வல்லிநாயகமும் பேராச்சியும் கோயம்புத்தூரில் இருந்தார்கள். பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டிய முத்துலட்சுமியைப் பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டதால், இவர்கள் போகும்படி ஆயிற்று. தண்ணீர் பாய்ச்ச ஓர் ஆளை விட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆள் வாய்க்காலைப் பார்த்தாரே தவிர அண்ணாந்து பார்க்கவில்லை.

அந்த வருடம் சாரல் குற்றாலத்தோடு நிற்காமல் கிழக்கே வெகுதூரம் வந்தது. பகல் முழுக்க மேகமூட்டம், மெல்லிய தூறல், ஈரக்காற்று. ஒருநாள் காலை கிழக்கு மூலையில் உட்கார்ந்து கண்ணாடியை மடியில் வைத்த எப்சிபா, இலைகளுக்கு நடுவே மஞ்சள் வட்டங்களைப் பார்த்தார். எண்ணெய் சிந்திய காகிதம் போல் அந்த இடம் மட்டும் ஒளி கசிந்தது. வெயிலே இல்லாத நாளில் இலைக்குள் மட்டும் வெயில் இருந்தது. அடுத்த நாள் வட்டங்கள் கூடின. அதற்கடுத்த நாள் இன்னும் கூடின. எப்சிபா சோறு தண்ணீர் மறந்து வரைந்தார். தென்காசிக்கும் வீரகேரளம்புதூருக்கும் தூறலில் நனைந்துகொண்டே போய்வந்தார். இலைகளைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அது அடிச்சாம்பல் நோய்.

பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த வல்லிநாயகத்தின் கண்ணில் பட்டது பழுப்பேறிச் சுருண்ட தோட்டம். இலையிலிருந்து நோய் குலைக்கு இறங்கிவிட்டிருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை இரண்டு நாள் விடாமல் அடித்தார். கிழக்குப் பாதியில் ஒரு குலைகூடத் தேறவில்லை. படத்தை முடிப்பதற்காக வீட்டோடு இருந்துவிட்ட எப்சிபா, விஷயம் கேள்விப்பட்டுப் போய் ஆறுதல் சொன்னார். ஆனால், தான் வரைந்த மஞ்சளும், இப்போது கண்முன் கிடக்கும் காய்ந்த பழுப்பும் ஒரே காரியத்தின் தொடக்கமும் முடிவும் என்று அவருக்கு உறைக்கவில்லை.

ஆடிக் கடைசியில், சீசனையொட்டிக் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். பார்லருக்கும் கடைக்கும் வெளியே எப்சிபாவின் படங்கள் முதன்முதலாகப் பார்வைக்கு வந்தது அங்கேதான். ஒரு பத்திரிகைக்குக் குறிப்பு எழுத நானும் போயிருந்தேன். அருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரமும் உடம்பில் எண்ணெய் வாசனையுமாக, மழைக்கு ஒதுங்குவதற்காக உள்ளே வருகிறவர்கள்தான் பாதிப்பேர். தோளில் துண்டோடு படங்களைப் பார்த்தார்கள். தரையெல்லாம் ஈரம். அப்படி ஒதுங்க வந்தவர்களும் ஒரு படத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். நான்கு அடிப் படம். தலைக்கு மேல் கவிந்த பந்தல், அதில் அங்கங்கே எரியும் மஞ்சள். “இலைக்குள்ள லைட்டு போட்டாப்புல இருக்கு!” என்று ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு விடுதிக்காரர் அதைத் தன் வரவேற்பறைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்சிபாவின் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த பூரிப்பை எந்த மேக்கப்பும் கொண்டுவந்திருக்க முடியாது.

அப்போது வல்லிநாயகமும் பேராச்சியும் வந்தார்கள். எப்சிபா வருந்தி அழைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவரை, மனதுக்கு மாற்றமாக இருக்கும் என்று பேராச்சிதான் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, விபூதி. எப்சிபா ஓடிவந்து பேராச்சியின் கையைப் பிடித்து, “வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி. எல்லாம் நம்ம தோட்டம்தான்” என்று அந்தப் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

வல்லிநாயகம் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இடம் வலமா மாறிக் கிடக்கு. ஆனா இது கிழக்கு மூலைதானே பிள்ள?”

“ஆமா அண்ணாச்சி. எப்படிக் கண்டுபிடிச்சிய!”

“தூணு நான் நட்டதுல்லா. என்னைக்கு வரைஞ்ச?”

“நீங்க கோயம்புத்தூர்ல இருந்தியள்லா, அப்பந்தான்.”

“அன்னைக்கே இது இருந்துச்சா?” அவர் விரல் மஞ்சள் வட்டத்தைத் தொடாமல் காற்றில் நின்றது.

எப்சிபாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஒரு போனு போட்டிருக்கலாம்லா” என்றார் வல்லிநாயகம். குரல் உயரவில்லை. “ஒரு வாரம் முந்தித் தெரிஞ்சிருந்தா ஆள விட்டு மருந்தடிச்சிருப்பேன்.”

“எனக்கு நோயின்னு தெரியல அண்ணாச்சி. வெயிலு மாதிரி...”

“அழகா இருந்துச்சு. வரைஞ்சிட்ட.”

“விடுங்க, அவளுக்கு என்ன தெரியும்?” என்று பேராச்சி இடையில் வந்தார். அதற்குள் வல்லிநாயகம் திரும்பி வாசலுக்கு நடந்துவிட்டார். குடை மண்டபத்திலேயே கிடந்தது. பேராச்சி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். எப்சிபா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். “மேடம், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?” என்று விடுதிக்காரர் மறுபடி கேட்டார். எப்சிபா ஜெனோவைப் பார்த்து, “கழட்டிருங்க” என்றார். ஜெனோ ஏன் என்று கேட்காமல் நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினார். செய்தித்தாளில் சுற்றிக் கடையில் கண்ணாடிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தது, இன்னமும் அங்கேதான் இருக்கிறது. விடுதிக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பியும் அது விலைக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எப்சிபா வழக்கம்போல் ஸ்கூட்டியில் கிளம்பினார். முக்காலி இல்லை, கண்ணாடி இல்லை, வண்ணம் இல்லை. தோட்டத்தில் பெண்கள் நோய் விழுந்த இலைகளைப் பறித்துச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் கேட்காமல் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அவர்களோடு நின்றார். வல்லிநாயகம் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார். அடுத்த வாரமும் போனார். மயில்துத்தக் கரைசல் பட்டு நகக்கண்ணெல்லாம் நீலம். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் ஒரு மணப்பெண்ணின் தாய், “உங்க கையென்ன இப்படி இருக்கு?” என்று முகம் சுளித்தாள். எப்சிபா கையுறை மாட்டிக்கொண்டு அலங்காரம் செய்தார்.

நேருக்கு நேர் பேசாவிட்டாலும் வல்லிநாயகம் மனைவி மூலமாகப் பேசத் தொடங்கினார். எப்சிபா இரண்டடி தள்ளி நிற்க, “அந்தப் பிள்ளைய டீ குடிச்சிட்டு வேலையப் பாக்கச் சொல்லு” என்பார் பேராச்சியிடம். “வேண்டாம்னு சொல்லுங்க மதினி” என்பார் எப்சிபா. “ஏன் வேண்டாமாம்?” “இப்பந்தான் குடிச்சேன்னு சொல்லுங்க.” நடுவில் நின்ற பேராச்சி, “நான் என்ன போஸ்ட் ஆபீசா? ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துச் சொல்லித் தொலைங்க!” என்று ஒருநாள் கத்தியே விட்டார். அப்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. புரட்டாசியில் வல்லிநாயகம் கிழக்குப் பாதியை அடியோடு பிடுங்கிவிட்டு எலுமிச்சை வைத்தார். பிடுங்கிய கொடிகளை வரப்புக்கு இழுத்துப்போட்டவர்களில் எப்சிபாவும் ஒருவர். ஒவ்வொரு தூணின் கொடியும் அவருக்குத் தெரியும். எதையும் இழுத்து எறியாமல், நீளவாக்கில் அடுக்கி வைத்தாராம். பேராச்சி சொன்னார்.

மார்கழியில் மிச்சமிருந்த கொடிகளுக்குக் கவாத்து. இலை முழுக்க உருவி, கிளைகளை ஒட்ட வெட்டிவிட்ட பிறகு, பந்தல் வெறும் கம்பியும் கட்டையுமாக நிற்கும். அதற்கு இரண்டொரு நாள் கழித்துப் போன எப்சிபாவை, வல்லிநாயகம் ஒரு தூணின் அருகே நின்று கூப்பிட்டார்.

“ஏ பிள்ள, இங்கன வா.”

எப்சிபா பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

“உன்னையத்தான். இது பாத்திருக்கியா?”

வெட்டிய கிளையின் முனையில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது. விழுந்தது. அடுத்தது திரண்டது. எல்லாக் கிளை நுனியிலும் அப்படி. கவாத்து முடிந்த அந்த ஓரிரு நாளில் அத்தனை வருடமும் திங்கட்கிழமை அமையாததால் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

“அழுவுதா அண்ணாச்சி?”

“அழலட்டி. வேரு முழிச்சிட்டுன்னு அர்த்தம். கீழ இருந்து தண்ணி ஏறுது. இனி துளிர்த்துரும்.” பிறகு, “இத வரைய முடியுமா உன்னால?” என்றார்.

“கலர் கொண்டாரலையே.”

“வண்டியில இருக்கும்லா.”

“இல்ல அண்ணாச்சி. ஆடியில இருந்து நான் கொண்டாரதே இல்ல.”

வல்லிநாயகம் பக்கத்துக் கம்பியை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு, “நாளைக்குக் கொண்டா. ரெண்டு மூணு நாளைக்குத்தான் வடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பார்லரில் இரண்டு பேருக்கு நேரம் கொடுத்திருந்ததை ரத்து செய்துவிட்டு எப்சிபா போனார். அந்தப் படம் நன்றாக வரவில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். நீர்ச்சொட்டு நீராகவே வரவில்லை, கண்ணாடி மணி மாதிரி இருக்கிறது என்கிறார். வல்லிநாயகத்துக்கும் அதில் குறை உண்டு, ஆனால் வேறு குறை. “தூணு சாஞ்சிருக்கு. என் தூணு ஒண்ணும் சாஞ்சதில்ல.” எப்சிபா தூணை நிமிர்த்தி வரைந்து கொடுத்தார். இப்போது வல்லிநாயகத்தின் வீட்டுக் கூடத்தில், பேரனின் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது.

அதற்குப் பிறகு எப்சிபாவிடம் ஒரு புதிய வழக்கம் வந்துவிட்டது. தோட்டத்தில் எதைப் பார்த்தாவது மனம் சொக்கினால், உடனே வண்ணத்தைத் தொடுவதில்லை. முதலில் செல்போனில் படம் எடுத்து வல்லிநாயகத்துக்கு அனுப்புகிறார், அவர் பத்தடி தூரத்தில் நின்றாலும். “அழகா ஒண்ணு தெரிஞ்சாலே பக்குன்னு இருக்கு ஸார். அவுக பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்ன பொறவுதான் எனக்குக் கை ஓடும்.” வல்லிநாயகம் எழுதிப் பதில் போடுகிறவர் இல்லை, குரலில்தான் அனுப்புவார். சிலவற்றை எப்சிபா எனக்குப் போட்டுக் காட்டினார். “அது வயசான இலை, தானா மஞ்சளாகுது, நீ வரை.” “அது பறவை எச்சம்.” “அது ஒண்ணுமில்ல பிள்ள, வெயிலுதான்.” ஒரே ஒரு தடவை மட்டும், “தொடாத, அப்படியே நில்லு, வாரேன்” என்று வந்திருக்கிறது. அன்றைக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து நாலைந்து இலைகளோடு நோயை அடக்கிவிட்டார்கள்.

போன சித்திரையில் அறுவடை என்று கேள்விப்பட்டு நானும் எப்சிபாவோடு போனேன். காலையிலேயே வந்து, கண் உயரத்துக்குத் தொங்கிய ஒரு குலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அபூர்வமாகத்தான் குலை வரைவார் என்று சொன்னேனல்லவா, இது அந்த அபூர்வம். கறுப்பும் ஊதாவுமாக, தோளில் அகன்று நுனியில் கூம்பிய குலை. நடுவில் இரண்டு பழம் மட்டும் இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது. அந்தச் சிவப்புக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். “ச்சா” என்று இரண்டு முறை சத்தம் வந்தது. வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பெண்கள் வரிசை வரிசையாகக் குலைகளை வெட்டி, செய்தித்தாள் விரித்த பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குலையைத் தொடக்கூடாது என்று வல்லிநாயகம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதைச் சுற்றி எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் போனார்கள். பந்தல் காலியாகக் காலியாக, அது ஒன்று மட்டும் தனியாகத் தொங்கிற்று. புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற மினி லாரி வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். கடைசிப் பெட்டியில் ஒரு குலைக்கு இடம் இருந்தது.

வல்லிநாயகம் வந்து எப்சிபாவின் முதுகுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தார். மேல்பாதி முடிந்திருந்தது. கீழ்ப்பாதி வெறும் கோடு.

“இது ஒண்ணு கிடக்கட்டும். நீ முடி. லாரிக்காரன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

“நாளைக்கு வாடிரும்லா அண்ணாச்சி?”

“வாடுனா வாடிட்டுப் போகுது. ஒரு குலைதானே.”

எப்சிபா படத்தைப் பார்த்தார். குலையைப் பார்த்தார். தூரிகையைத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார். பேராச்சியின் கையிலிருந்து கத்தரியை வாங்கினார். இடது கையால் காம்பை மட்டும் பிடித்து, ஒரே வெட்டு. குலையைப் பழத்தில் விரல் படாமல் தூக்கிக்கொண்டு போய்க் கடைசிப் பெட்டியின் நடுவில் படுக்க வைத்து, மேலே செய்தித்தாளை விரித்து ஓரங்களைச் செருகினார். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பேராச்சி பிடிக்க, மறு பக்கத்தை எப்சிபா குனிந்து தூக்கினார்.